வெற்றிடமும் ஒரு கட்டுமானப் பொருள்

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் 'கிளெமென்ட் கேனபி' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 40 மாடி, உயரம் சுமார் 140 மீட்டர், மொத்தம் 505 வீடுகள். 2019-இல் கட்டி முடிந்தபோது, கான்கிரீட் அறைப்பெட்டிகளை அடுக்கி எழுப்பிய கட்டடங்களில் உலகின் மிக உயரமானவற்றுள் ஒன்றாக அது பேசப்பட்டது. அதன் அறைகள் வார்க்கப்பட்ட ஊர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள செனாய். அங்கே முழு அறைகளாகவே உருவான ஏறத்தாழ 1,900 பெட்டிகள் எல்லை தாண்டிச் சிங்கப்பூரின் துவாஸுக்குப் போயின. ஓடு, ஜன்னல், குழாய், மின்கம்பி எல்லாம் துவாஸில் பொருத்தப்பட்டன. அதன் பிறகே கிளமெண்டியில் கிரேன் அவற்றைத் தூக்கி அடுக்கியது.

இந்தச் சுற்றுவழிக்குக் காரணங்கள் உண்டு. சிங்கப்பூரில் நிலம் அரிது, கட்டுமான ஆட்களும் குறைவு. அரசு விற்கும் சில நிலங்களில் இந்த முறையில்தான் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2014 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. வழக்கமான கட்டடத்தில் ஒரு சிறிய குளியலறைக்குள் குழாய் பொருத்துபவரும், மின்கம்பி இழுப்பவரும், ஓடு பதிப்பவரும் அடுத்தடுத்த நாட்களில் நுழைந்தாக வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் வாசலில் காத்திருப்பார், அல்லது இருவரும் இடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். அதே குளியலறை தனிப் பெட்டியாகத் தொழிற்கூடத்தில் நிற்கும்போது அதைச் சுற்றி ஆள் நடக்கலாம், ஏணி போடலாம், சாமான் வைக்கலாம். நாற்பதாவது மாடியில் கிடைக்காத இடம் செனாயிலும் துவாஸிலும் கிடைத்தது.

சிமெண்ட், கம்பி, மணல், ஆள், பணம், நாள் ஆகியவை இல்லாமல் கட்டடம் எழாது. வேலை செய்பவர் நிற்கவும், குனியவும், கருவியைக் கையாளவும், பொருளைக் கிடத்தவும் தேவைப்படும் காலி இடமும் அதே பட்டியலில் இருக்க வேண்டியது. இதை நாம் வேலைவெளி என்று அழைப்போம். கணக்கில் எழுதாமல் விட்டாலும் கட்டடம் எப்படியோ எழுந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டுவது வேலையாளின் முதுகும் முழங்காலும்தான், சில நாட்களில் அவருடைய உயிரும்.

காலம் தெரிந்த அட்டவணை

கட்டுமானத் திட்டமிடலின் அடித்தளமாக இன்றும் இருக்கும் 'நெருக்கடிப் பாதை முறை' 1957-இல் உருவானது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தாரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து அதை வகுத்தனர். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்தால், எந்த வேலைகளின் சங்கிலி மொத்தத் திட்டத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டிவிடும். தூண் வார்க்காமல் தளம் போட முடியாது என்பது அதற்குத் தெரியும். எங்கே, எவ்வளவு இடத்தில் என்பது மட்டும் தெரியாது. இரண்டு வேலைகளுக்கு நடுவே சார்பு எதுவும் இல்லையென்றால், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள அது தாராளமாக அனுமதிக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மருத்துவமனை ஒன்றின் நடைக்கூடம், அகலம் 2.4 மீட்டர், நீளம் 30 மீட்டர். அதன் கூரையடியில் குளிர்காற்றுக் குழாய் மாட்டும் வேலை ஆறு நாள் நடக்கிறது. கடைசியில் இருக்கும் அறைகளில் அதே வாரம் தரை ஓடு பதிக்க வேண்டும். குழாய் வேலைக்கும் ஓட்டு வேலைக்கும் சார்பு இல்லை, இடமும் வேறு வேறு. அட்டவணையில் குறை காண முடியாது. ஆனால் குழாய் மாட்டுபவர் நிற்கும் ஏற்றுமேடையின் அகலம் 1.2 மீட்டர். பாதுகாப்பாக இயங்க இருபுறமும் 0.6 மீட்டர் வேண்டும். கூட்டினால் 2.4 மீட்டர், அதாவது நடைக்கூடத்தின் முழு அகலம். ஓடுகளை ஏற்றிய தள்ளுவண்டி அந்த ஆறு நாளும் எந்த வழியாகப் போகும்?

இந்த மோதலை வரைபடமும் காட்டாது. கட்டி முடித்த கட்டடத்தில் குழாயும் ஓடும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மோதிக்கொள்பவை இரண்டு வேலைகள். கட்டடம் முடிந்தபின் சுவடே இல்லாமல் போய்விடும் இடங்கள் அவற்றுடையவை. முடிந்த கட்டடத்தைக் காட்டும் வரைபடத்துக்கும் நாட்களைக் காட்டும் அட்டவணைக்கும் நடுவில் விழுந்துவிட்ட இந்த இடைவெளியைத்தான் எண்ணியல் மாதிரி நிரப்ப முயல்கிறது.

கணினி வருவதற்கு முன்பும் இடத்தை மதித்துக் கட்டியவர்கள் உண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930-இல் தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. உச்சக் கட்டத்தில் ஒரே நாளில் 3,400 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். நெரிசல் மிகுந்த நகரத் தெருக்களுக்கு நடுவே சாமான் குவித்து வைக்க இடமில்லை. ஆகவே பொருட்கள் அன்றன்றைக்குத் தேவையான அளவில் லாரியில் வந்தன. செங்கல் சரிவு வழியாக அடித்தளத் தொட்டிக்குள் கொட்டப்பட்டு, வண்டியில் ஏறி, மேலே சென்று, மாடிகளில் போட்டிருந்த சிறு தண்டவாளத்தில் உருண்டு கொத்தனாரிடம் சேர்ந்தது. தெருவில் செங்கல் கிடக்கவில்லை, நடைபாதையை யாரும் அடைக்கவில்லை. கட்டடத்தைத் திட்டமிட்ட அதே கவனத்தோடு பொருள் போகும் வழியையும் அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள்.

ஒரு தளத்தில் பன்னிரண்டு வகை இடம்

வேலைவெளியை முறையாக வகைப்படுத்தும் ஆய்வுகள் 1990-களில் பெருகின. பல மாடிக் கட்டடங்களில் இடம் பயன்படும் விதத்தை ஆராய்ந்த டேவிட் ரைலி, விக்டர் சான்விடோ இருவரும் 1995-இல் பன்னிரண்டு வகைகளைப் பட்டியலிட்டார்கள். வேலை செய்யும் இடம் அவற்றில் ஒன்று மட்டுமே. சாமான் இறக்கும் இடம், சேமிக்கும் இடம், வேலைக்கு முன் எடுத்து வைக்கும் இடம், பொருள் போகும் பாதை, ஆள் போகும் பாதை, குப்பை வெளியேறும் பாதை, கருவி வைக்கும் இடம், ஆபத்தான இடம், காக்கப்பட வேண்டிய இடம் எனப் பட்டியல் நீள்கிறது.

இதில் பாதைகள் தனிக் கவனம் கேட்பவை. தேரோட்டத்துக்கு முன் தேர் நிற்கும் இடத்தை மட்டும் ஒழுங்கு செய்தால் போதாது. அது திரும்பும் முனை, உரசும் மின்கம்பி, ஒதுங்கி நிற்கும் கூட்டம் என வீதி முழுவதையும் பார்த்தாக வேண்டும். கிரேனில் தொங்கும் 20 டன் பெட்டிக்கும் அதே விதிதான். இறங்கும் இடத்தோடு, புறப்பட்டதிலிருந்து காற்றில் அது தடவிச் செல்லும் வெளி முழுவதும், அந்த வெளிக்கு நேர் கீழே உள்ள தரையும் அந்த நேரத்துக்கு அதற்கே சொந்தம்.

ஆபத்தான இடமும் காக்க வேண்டிய இடமும் கண்ணுக்கு எளிதில் தெரியாதவை. ஐந்தாம் மாடி விளிம்பில் ஒருவர் வெல்டிங் செய்தால், அவர் நிற்பது இரண்டு சதுர மீட்டராக இருக்கலாம். தீப்பொறி விழும் வெளி நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இறங்கும். புதிதாக ஓடு பதித்த தரையில் ஒருவரும் இல்லை, பார்த்தால் காலியாகத்தான் தெரியும். ஆனால் ஒட்டும் கலவை இறுகும்வரை அதில் கால் வைக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் அந்த இடம் வேலையின் பிடியில்தான் இருக்கிறது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் புர்ச்சு அக்கின்ஜி, மார்ட்டின் ஃபிஷர் ஆகியோரின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோயின. ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய இடங்களை மனிதர் கையால் வரையத் தேவையில்லை. 'ஜன்னல் பொருத்தும் குழுவுக்கு ஜன்னலின் வெளிப்பக்கத்தில், இத்தனை மீட்டர் அகலத்தில் இடம் வேண்டும்' என்று முறையை ஒருமுறை எழுதினால் போதும். கட்டடத்தில் உள்ள எல்லா ஜன்னல்களுக்கும் கணினியே அந்த இடத்தை வரைந்துவிடும்.

கணினி கேட்கும் நான்கு கேள்விகள்

கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல் சுவர், கதவு, தூண் என்ற பொருட்களாகக் கணினியில் சேமிக்கலாம் என்பதைச் சார்லஸ் ஈஸ்ட்மன் 1970-களின் நடுவிலேயே எடுத்துக்காட்டினார். இன்று 'பிம்' என்று அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரியின் வேர் அங்கே இருக்கிறது. அந்த முப்பரிமாண மாதிரியின் ஒவ்வொரு பகுதியையும் அட்டவணையில் உள்ள நாளோடு இணைத்தால் நான்கு பரிமாண மாதிரி கிடைக்கும். திரையில் நாளை நகர்த்தினால் கட்டடம் வளர்வது தெரியும். அதில் வேலைவெளிகளையும் ஒளி ஊடுருவும் பெட்டிகளாகச் சேர்த்தால், கட்டடத்தோடு அதைக் கட்டும் வேலைகளும் தோன்றி மறைவதைக் காணலாம்.

இரண்டு பெட்டிகள் மோதுகின்றனவா என்று கண்டறிய நான்கு கேள்விகள் போதும். இடமிருந்து வலமாகப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா? முன்னிருந்து பின்னாக? கீழிருந்து மேலாக? காலத்தில்? நான்குக்கும் 'ஆம்' என்றால்தான் மோதல். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இரண்டு வேலைகளும் நிம்மதியாக நடக்கலாம். இவ்வளவு எளிய கணக்குக்குக் கணினி எதற்கு என்றால், எண்ணிக்கைதான் காரணம். ஒரு தளத்தில் 200 வேலைகள் இருந்தால் ஒப்பிட வேண்டிய இணைகள் 19,900. வேலைக்கு மூன்று பெட்டி வைத்தால் 600 பெட்டிகள், 1,79,700 இணைகள். அனுபவமுள்ள மேற்பார்வையாளர் இவற்றில் முக்கியமான சிலவற்றை உள்ளுணர்வால் பிடித்துவிடுவார். எல்லாவற்றையும் சலிக்காமல் பார்ப்பது கணினிக்குத்தான் முடியும்.

மோதல் என்று தெரிந்த பிறகு அதன் தன்மையைப் பிரிக்க வேண்டும். இரு குழுக்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் அது நெரிசல். ஒருவரின் ஆபத்தான இடத்துக்குள் இன்னொருவர் நின்றால் அது பாதுகாப்புப் பிரச்சினை, ஒரு சதவீதம்கூட விட்டுக்கொடுக்க முடியாதது. காக்க வேண்டிய இடத்துக்குள் வேறு வேலை நுழைந்தால், செய்த வேலை பாழாகும். நெரிசலை மட்டும் அளவாகப் பார்க்கலாம். 40 சதுர மீட்டர் தேவைப்படும் குழுவுக்கு 30 சதுர மீட்டர் கிடைத்தால் சுமை 133 சதவீதம். தேவையைக் கிடைக்கும் இடத்தால் வகுக்கும் இந்த அளவை வைத்து, நெருக்கடியான பாதையைத் தேடுவதுபோல் நெருக்கடியான இடத்தையும் தேடலாம் என்று கிரஹாம் வின்ச், ஸ்டீவ் நார்த் இருவரும் 2006-இல் எழுதினார்கள். நெரிசல் கூடக்கூட ஒருவரின் வேலைத்திறன் குறைகிறது என்பதை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு 1979-லேயே வரைகோடுகளாகப் போட்டுத் தன் வழிகாட்டி நூலில் சேர்த்திருந்தது. தாமதமான வேலையில் ஆட்களை மேலும் மேலும் திணிப்பவர்கள் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் கூடுதல் ஆள், கூடுதல் தாமதம்.

நம்முடைய நடைக்கூடத்துக்குத் திரும்புவோம். மாதிரி அந்த அடைப்பை வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே காட்டிவிட்டால் வழிகள் பல. ஓடுகளை முந்தைய வாரமே உள்ளே கொண்டுபோய் வைக்கலாம். குழாய் வேலையை 15 மீட்டர் பகுதிகளாகப் பிரித்து, மாற்றுப்பாதை இருக்கும் பக்கத்தை முதலில் முடிக்கலாம். காற்றுக்குழாய், தண்ணீர்க்குழாய், மின்கம்பித் தட்டு மூன்றையும் ஒரே சட்டத்தில் தொழிற்கூடத்திலேயே பொருத்திக் கொண்டுவந்து, ஆறு நாள் வேலையைச் சுருக்கலாம். அதே அடைப்பு வேலை நடக்கும் நாளில் தெரியவந்தால் மிஞ்சும் வழி ஒன்றே. ஏற்றுமேடைக்கும் சுவருக்கும் நடுவே வண்டியை நுழைக்க யாரோ ஒருவர் துணிவார்.

ஜொகூரின் மழையும் முட்டுக்கால்களும்

பாடநூல் கணக்கு வேலைத்தளத்துக்கு வரும்போது உள்ளூர் இயற்கையும் அதில் சேர வேண்டும். ஜொகூரில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். மின்னல் வெட்டினால் கிரேன் நிற்கும், வெளியே வேலை செய்தவர்கள் கூரை உள்ள தளங்களுக்குள் வருவார்கள், நனையக் கூடாத சாமான்களும் அவர்களோடு உள்ளே வரும். காலையில் 80 சதவீதச் சுமையில் இருந்த தளம் பிற்பகலில் நிரம்பி வழியும். மண்பாதை சேறானால் லாரி வேறு வழியில் வரும், இறக்கும் இடமும் மாறும். ஆகவே இந்த மண்ணுக்கான மாதிரியில் வெயில் நாளுக்கு ஓர் இட ஒதுக்கீடு, மழை நாளுக்கு ஓர் இட ஒதுக்கீடு என இரண்டு வேண்டும்.

இன்னொன்று கான்கிரீட்டின் இயல்பு. தளம் வார்த்த மறுநாளே அது தன்னைத் தாங்கிக்கொள்ளாது. சிமெண்டும் நீரும் வினைபுரிந்து வலு ஏறுவது மெல்ல நடக்கும் வேலை. அதன் வலிமையை 28 நாள் முடிவில் சோதித்துப் பார்ப்பது உலக வழக்கம். போதிய வலு ஏறும்வரை, மேலே வார்க்கும் அடுத்த தளத்தின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கக் கீழ்த் தளங்களில் முட்டுக்கால்கள் நெருக்கமாக நிற்கும். அட்டவணை 'ஏழாம் தளம் முடிந்தது' என்று சொல்லும். ஏழாம் தளத்துக்கு அடியில் சுவர் கட்டப் போகிறவருக்கோ நடக்கவே வழியிருக்காது. முட்டுக்கால்கள் எந்த நாளில் எந்தத் தளத்தில் நிற்கின்றன என்பதை மாதிரியில் வரையாதவர் அந்தத் தளத்தின் இடத்தை இருமுறை விற்றுவிடுகிறார்.

செடெனாக், கூலாய், இஸ்கந்தர் புத்திரி பகுதிகளில் எழுந்துவரும் தரவு மையங்கள் இதே பிரச்சினையின் இன்னொரு முகம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பெட்டிக் கட்டடம், உள்ளே குளிர்நீர்க் குழாய்களும் தடித்த மின்கம்பிகளும் அடுக்கடுக்காக ஓடும். ராட்சத ஜெனரேட்டரும் குளிர்விப்பு இயந்திரமும் உள்ளே போகும்வரை சில சுவர்களை அடைக்கவே முடியாது. அவை போகும் நாளில் அந்தப் பாதையில் சாரமோ, குழாய்க் குவியலோ, கம்பிச் சுருளோ இருக்கக் கூடாது. இங்கே ஒரு நாள் இடத்தை இழப்பது பல குழுக்களின் வேலையைக் கலைத்துவிடும்.

புக்கிட் சாகாரின் இட நெருக்கடி

ஜொகூர் பாருவின் மையத்தில் புக்கிட் சாகார் இருக்கிறது. இங்கிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை சுமார் 4 கிலோமீட்டருக்கு ஆர்டிஎஸ் ரயில் பாதை. பயணம் ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றும் திறன், 2026 இறுதியைச் சேவைக்கான இலக்காக வைத்த திட்டம். ஜொகூர் நீரிணைக்கு மேல் 25 மீட்டர் உயரத்தில் செல்லும் பாலம் இரு கரைகளையும் இணைத்ததை 2024 ஜனவரி 11 அன்று பிரதமர்கள் அன்வார் இப்ராகிமும் லீ சியன் லூங்கும் நேரில் குறித்தனர். இரு நாடுகளையும் இணைக்கும், 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்துக்கு அது நூறாவது ஆண்டு.

இந்த நிலையத்தின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஒருபுறம் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையம். அருகே 2008 முதல் இயங்கும் சுல்தான் இஸ்கந்தர் குடிநுழைவு வளாகம். நாள்தோறும் லட்சக்கணக்கானோர் கடக்கும் பாதை. விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிள்கள் திரளும் சாலைகள். ஊர் ஒரு நாளும் நிற்காத இடத்தில் தூண் நட வேண்டும், உத்திரம் ஏற்ற வேண்டும், கிரேன் கை சுழல வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வேலைத்தளத்தின் வேலியைத் தாண்டியும் வேலைவெளி நீள்கிறது. லாரி காத்திருக்கும் சாலையோரமும், பாரம் கடக்கும் வானமும், நடப்பவருக்கு மாற்றிவிட்ட பாதையும் அதில் அடக்கம். தளத்துக்கு உள்ளே மட்டும் பெட்டி வரையும் திட்டம் பாதித் திட்டம்தான்.

மலேசியப் பக்கத்தில் இத்திட்டத்தை நிறைவேற்றும் எம்ஆர்டி கார்ப், 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் புத்ராஜெயா தடத்தில் பிம் முறையைப் பரவலாகப் பயன்படுத்திய நிறுவனம். பொதுப்பணி இலாகாவும் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அரசுத் திட்டங்களுக்கு 2019 முதல் பிம்மை வலியுறுத்தியது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி அதற்கென்றே பயிற்சி மையம் நடத்துகிறது. ஸ்கூடாயின் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பாரிட் ராஜாவின் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமும் கட்டுமான மேலாண்மை கற்பிக்கின்றன. கருவியும் கல்வியும் ஜொகூரிலேயே கிடைக்கும். கட்டடப் பகுதிகள் மோதுகின்றனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், மனிதர்களின் வேலைகள் மோதுகின்றனவா என்று பார்க்கும் பழக்கம்தான் இன்னும் பரவ வேண்டும்.

பெட்டியின் அளவை யார் சொல்வது?

எந்த மாதிரியும் அதற்குள் போட்ட அளவுகளுக்கு மேல் அறிவு பெறாது. கம்பி கட்டுபவருக்கு எவ்வளவு இடம் என்று அலுவலகத்தில் ஒருவர் உத்தேசமாகப் போட்டால், நான்கு கேள்விகளுக்கும் கணினி அழகாகத் தவறான விடை சொல்லும். ஆறு மீட்டர் கம்பியைத் தோளில் வைத்துத் திரும்பும்போது எவ்வளவு வெளி வேண்டும், குனிந்து ஓடு பதிப்பவருக்குப் பின்னால் கலவைச் சட்டி எங்கே இருக்க வேண்டும், சாரத்தின் மேல் இருவர் கடக்க எவ்வளவு அகலம் போதும் என்பதெல்லாம் அந்த வேலையைச் செய்தவருக்கே தெரியும். மலேசியக் கட்டுமானத் தளங்களில் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், மியன்மார்க்காரர், நேபாளியர், தமிழர் எனப் பல மொழியினர் வேலை செய்கிறார்கள். அச்சிட்ட அட்டவணை அவர்களில் பலரிடம் பேசாது. நாளை காலை எந்தப் பகுதி யாருக்கு, எந்த வழி மூடியிருக்கும் என்று வண்ணப் பெட்டிகளாகக் காட்டும் படம் எல்லோரிடமும் பேசும். கேட்கவும் காட்டவும் பயன்படும்போதுதான் மாதிரி முழுப் பலன் தருகிறது.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. கட்டுமானப் பணியின் வடிவமைப்பு, மேலாண்மை தொடர்பான மலேசியப் பாதுகாப்பு விதிமுறைகள் 2024-இல் வெளியாகி 2025 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பொறுப்பு குத்தகையாளரோடு நிற்காமல், கட்டடத்தின் உரிமையாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் உண்டு என்பது அவற்றின் சாரம். வேலைவெளியைத் திட்டமிடுவது இந்தப் பொறுப்பின் இயல்பான பகுதி. ஓர் அறைக்குள் குழாயை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போதே, அதைப் பொருத்துபவர் எங்கே நிற்பார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

செனாயின் அறைப்பெட்டிகள் சொல்லும் பாடத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வேலையைத் தொழிற்கூடத்துக்கு நகர்த்தினால் இடத் தேவை மறைவதில்லை, வேறு ஊருக்குப் போகிறது. ஓர் அறைப்பெட்டியின் பெரும்பகுதி காற்று. வார்த்து முடித்த பெட்டிகள் காத்திருக்கவே பரந்த முற்றம் வேண்டும். கிளமெண்டியில் கிரேன் சில நாள் நின்றால் பின்னால் உள்ள முற்றங்கள் நிரம்பிவிடும். நகரத்தின் நெருக்கடிக்கு ஜொகூரின் நிலம் இடம் கொடுக்கும்போது, அந்த முற்றத்தில் வேலை செய்பவரின் இடமும் அதே கவனத்தோடு கணக்கிடப்பட வேண்டும்.

ஆகவே கட்டட உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் ஒன்றைக் கேட்கலாம். சிமெண்டுக்கும் கம்பிக்கும் அளவுப் பட்டியல் கேட்பதுபோல், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் இடப் பட்டியல் கேட்கட்டும். அந்தப் பட்டியலில் பொறியாளரோடு கொத்தனாரும், கம்பி கட்டுபவரும், கிரேன் ஓட்டுபவரும் பார்த்து ஒப்புக்கொண்ட அளவுகள் இருக்கட்டும். மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, நான்கு கேள்விகள் எளியவை. வேலை தொடங்கும் முன் அந்த மனிதர்களை அழைத்து உட்காரவைக்கும் அரைநாள்தான் இன்னும் பல அட்டவணைகளில் இல்லை. அந்த அரைநாளை எழுதிச் சேர்ப்பது உரிமையாளரின் கையில் இருக்கிறது.